அத்திவாரம் தாங்குமா

உவர்மலையால் இறங்கும் வளைவில் ஓர் அறை,
ஒரு மேசை, ஒரு கொம்பியூட்டர்.
ஸ்காபரோவிலும் சூரிச்சிலும் இருப்பவர்களின்
திருகோணமலை வீடுகளை அதில்தான் கட்டுகிறேன்.
சுவர் எழுப்பி, வெயில் விட்டு,
போர்டிக்கோவில் அவர்கள் இன்னும் வாங்காத காரை நிறுத்தி,
றெண்டரை அமுக்கிவிட்டு
சந்தைக்குப் போய் மீன் வாங்கி
வெட்டி, கழுவி, அடுப்பேற்றி வந்தாலும்
வெயில் வாசற்படி தாண்டியிராது.

"புரொசசர மாத்துங்க அக்கா" என்கிறான் இஹ்லாஸ்,
மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் கடை வைத்திருப்பவன்.
"மாத்துறண்டா மதர்போட்டையும் மாத்தணும்.
போட் மாறினா றாம் மாறும்.
றாம் மாறினா..."
அவன் விரல் மடக்க மடக்க
கல்குலேட்டரில் ஒன்றேமுக்கால் இலட்சம்.

இதே கேள்வியை என்னிடமும்
கிழமைக்கு இரண்டு பேர் கேட்கிறார்கள்.
அப்பா கட்டின வீடு, மேலே ஒரு மாடி போடலாமா?
அளவுநாடாவை எடுக்க முன்னமே சொல்லிவிடுவேன்:
அத்திவாரம் தாங்காது, இடியுங்கோ.
சொல்வது சுலபம். காசு அவர்களுடையது.
முழு வீட்டுக்கு வரைந்தால் எனக்கு இரட்டைக் கட்டணம்,
அதையும் ஏன் மறைப்பான்.

இரவு, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன்.
எட்டு வருடத் தூசு தூசாக இல்லை.
ஒட்டும் சாம்பல்,
கடல் ஈரக்கையால் தடவிவிட்டது மாதிரி.
யன்னலை நான் பூட்டுவதில்லை;
உட்துறைமுகத்துக் காற்று
இந்த அறையில் வாடகை தராமல் இருக்கிறது.
போன் வெளிச்சத்தைப் பிடித்து
விரிசல் தேடுகிற கண்ணால்
மதர்போட்டை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன்.
பின்பக்க யூஎஸ்பி வாய் இரண்டில் வெள்ளை பூத்திருந்தது.
மற்றப்படி எதுவும் வீங்கவில்லை, கருகவில்லை.

நெற்றியில் இருந்த இலக்கத்தை வைத்துத் தேடினேன்.
தாங்குமாம்.
மூன்று தலைமுறை தள்ளி வந்த சிப்பையும்,
அறுபத்தைந்து வாட்டுக்கு மேல் கேட்காவிட்டால்.
ஆனால் முதலில் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும்.
புதுப்பித்தால் பழைய புரொசசரை
அது யாரென்று கேட்கும்.
ஏறிய பிறகு ஏணியை எடுக்கிற வேலை.
நடுவில் கரண்ட் போனால்
அதுவும் இல்லை, இதுவும் இல்லை.

கரண்ட்.
திருகோணமலையில்.
மாரியில்.

பாவித்த சிப் ஒன்றை
நாற்பத்தெட்டாயிரத்துக்குத் தந்தான் இஹ்லாஸ்,
முகத்தில் சின்ன ஏமாற்றம்.
"கால் வளைஞ்சா நான் பொறுப்பில்ல."

பதினொன்றே முக்கால்.
பிரிட்ஜை நிறுத்தினேன், மின்விசிறியை நிறுத்தினேன்,
சம்பந்தமில்லை என்று தெரிந்துதான்.
நீலத் திரையில் ஒரு கோடு வளரத் தொடங்கியது.
முப்பத்தொன்று.
தகரப் படலையில் ஏதோ முட்டியது:
மான், ஒற்றைக் கொம்பன், குப்பை வாளிக்கு வந்தவன்.
சூ என்றுகூட நான் சொல்லவில்லை.
ஐம்பத்தெட்டு.
பல்ப் ஒருமுறை மங்கி நிமிர்ந்தது.
நானும்.
தொண்ணூற்றொன்பதில் அது நின்ற நேரத்துக்குள்
ஒன்றேமுக்கால் இலட்சத்தை
இரண்டு தரம் கடன்பட்டு முடித்தேன்.

பழைய சிப்
விசிறியோடு ஒட்டிக்கொண்டே வந்தது,
காய்ந்த பசையில், பிடுங்கிய பல்போல.
புதியதை வைத்தேன்.
அமுக்கவில்லை. தானே இறங்கியது.
திரை நெடுநேரம் கறுப்பாக யோசித்தது.
பார்க்கப் பொறுக்காமல் படலைக்குப் போனேன்.
மான் போய்விட்டது, வாளி கவிழ்ந்து கிடந்தது,
குப்பையை அள்ளிப் போட்டுத் திரும்பினால்
அறை முழுக்கத் திரை வெளிச்சம்.

யூஎஸ்பி வாய் இரண்டும் செத்துப்போயிருந்தன.
காற்றின் வாடகைக் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

காலையில் ஸ்காபரோ.
யோகரட்ணம் அண்ணை.
"பாலையூத்து வீட்டுக்கு மேல ரெண்டு அறை எடுக்க வேணும்.
எல்லாரும் இடி எண்டுறாங்கள்.
நீரும் அதைத்தானே சொல்லுவீர்?"
நாக்கு நுனியில் நின்றது, வழமையான பதில்.
"தெரியேல்லை அண்ணை" என்றேன்.
"வியாழக்கிழமை மண்வெட்டியோட ஓராளைக் கூட்டிக்கொண்டு போய்
மூலையில மூண்டடி தோண்டிப் பாத்திட்டுச் சொல்லுறன்."
மறுமுனை கொஞ்சநேரம் பேசவில்லை.

திரையில், நேற்று விட்ட வெயில்
வாசற்படி தாண்டி, கூடம் தாண்டி,
குசினிச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது.
நான் இன்னும் மீன் வாங்கப் போகவில்லை.