ஒன்றிலிருந்து எண்ணிப் பழகியவள்

வால்திவியாவில் ஜூலை.
மழை நின்றதா என்று இங்கே யாரும் கேட்பதில்லை,
எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்றுதான்.

மூன்றாம் மாடிக் கணினி அறையில்
கூரை ஒழுகும் இடத்தில் ஒரு நீல வாளி.
அதையே முதல் பாடமாக்கினேன்:
பத்து நிமிடம் சொட்டுகளை எண்ணுங்கள்.
நரம்பணுவும் இப்படித்தான்,
எப்போது என்று சொல்லாது,
ஏறக்குறைய எத்தனை என்று மட்டும் சொல்லும்.

பதினொரு பேர். மூளையைப் படிக்க வந்தவர்கள்,
அதாவது, கணக்கிடமிருந்து தப்பி வந்தவர்கள்.
"மடக்கை தெரியாமலே என் மூளை
இருபது வருடம் ஓடியிருக்கிறதே" என்றான் ஃபெர்மின்.
மிலாராய் கத்ரிலேயோ எதுவும் சொல்லவில்லை.
அவள் திரையில் எப்போதும் ஒரு சிவப்பு வரி.
கள்ள நோட்டைப் பார்ப்பது போல
அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

நான் கொடுத்தது என் சொந்த நிரல்.
ஆறு வருடத்துக்கு முன் எழுதியது.
தேகு என்கிற சின்னக் கொறிணிகள் நாற்பது,
ஒவ்வொன்றுக்கும் முப்பது முறை ஒரே ஒலி.
அதில் வந்த கோடு ஒரு சஞ்சிகையில் அச்சாகி
என் பெயரைக் கொஞ்சம் நிமிர்த்தி வைத்திருந்தது.
ஓட்டிப் பாருங்கள், இதே கோடு வர வேண்டும் என்றேன்.
பத்துப் பேருக்கு வந்தது.

மிலாராய்க்கு நிரல் ஓடவில்லை.
ஓடாததால் எண்ணினாள்.
பென்சிலால், கட்டம் போட்ட தாளில்,
ஐந்துக்கு ஒரு குறுக்குக் கோடாக
ஒரே ஒரு தேகுவை.

வெள்ளி மாலை, எல்லோரும் போன பிறகு
தாளை என் மேசையில் வைத்தாள்.
"ப்ரொஃபே, எனக்கு முப்பது ஒலி வருகிறது.
உங்கள் கோட்டில் இருபத்தொன்பது புள்ளிதான்.
நான் எங்கே தப்பு செய்தேன்?"

ஆற்றோர மீன்சந்தையில் கடற்சிங்கங்கள்
குரைத்துக்கொண்டிருந்தன, ரொம்ப நேரம்.
தப்பு என்ற சொல்லை அவள்
தன் பக்கமாகவே வைத்திருந்தாள்.
நான் எடுத்துக்கொள்ளத் தாமதமாயிற்று.

ஒன்றிலிருந்து எண்ணும் மொழியில் பழகியவள் நான்.
இது பூச்சியத்திலிருந்து எண்ணும் மொழி.
மாறி வந்த அவசரத்தில்
வாசலிலேயே விட்டுவிட்டேன்,
நாற்பதிலும் முதல் வரிசையை.

முதல் வரிசை என்றால்
அந்த ஒலியை அவை
முதன்முதலாகக் கேட்ட கணம்.
அவள் தாளில் அது இருந்தது:
எழுபத்து மூன்று கோடுகள்
இடம் போதாமல் ஓரத்தில் வளைந்து, கீழே இறங்கி.
அதற்குப் பிறகு பதிமூன்று. பன்னிரண்டு. பன்னிரண்டு.
பழகிப்போனதின் கணக்கு.

ஆறு வருடமாக, மூன்று ஊர் மேடைகளில்
நான் சொல்லி வந்தது:
இந்த அணுக்கள் திடுக்கிடுவதில்லை.

ஒரு எழுத்தை மாற்றினோம்.
அவளையே அழுத்தச் சொன்னேன்.
இடது ஓரத்தில் கோடு
கூரையை முட்டிக்கொண்டு எழுந்தது.
"ஓடுகிறது" என்றாள்,
அவளுக்கு அதுதான் செய்தி.

சஞ்சிகைக்கு எழுத வேண்டிய கடிதம்
இன்னும் மூன்று வரியில் நிற்கிறது.

திங்களன்று யாரோ வாளியைக் காலிசெய்து
அதே இடத்தில் வைத்தார்கள்.
டணார் என்று விழுந்தது முதல் சொட்டு.
தலைகள் திரும்பின.
எண்ணினேன், பதினொன்று.
பிறகு என்னுடையதையும் சேர்த்தேன்.