எழுநூறு மில்லி

திங்கள், புதன், வெள்ளி.
விடிய ஐந்து நாற்பது.
பார்மனில் மூன்றாம் மாடி விளக்கு அணையும்.
படி இறங்க நாலு நிமிடம்,
நடுவில் ஒரு நிற்றல்.
ரக்சியில் மீட்டர் ஓடாது.
காப்புறுதிக் கணக்கு.
திரையில் இவ்வளவுதான் வரும்:
மார்க்கண்டு, ந. சக்கர நாற்காலி இல்லை.

முதல் நாளே சொன்னா:
"தம்பி, சுகமோ எண்டு மட்டும் கேக்காதை.
வேறை என்னவும் கேள்."
பதினொரு வருடம் வேறு எல்லாம் கேட்டேன்.

முன் இருக்கைதான் வேண்டும் அவவுக்கு.
பின்னுக்கு இருந்தால் வருத்தக்காரியாம்.
பெல்ட்டை வலக்கையில் படாமல்
இடக்கையால் தள்ளிப் பிடிப்பா.
இடக்கைக்காரி.
எழுதுகிற கையைத் தரமாட்டேன் என்று
டொக்டரோடு சண்டை பிடித்து
மற்றக் கையைக் கொடுத்தவ.
அதில் இரண்டு குழாயைச் சேர்த்துத் தைத்த இடத்தில்
இரவு பகலாய் ஒரு வண்டு இரையும்.
ஒருநாள் நெரிசலில் நின்றபோது
"ரேடியோவை நிப்பாட்டிப்போட்டுக் கேள்" என்றா.
கேட்டேன்.
தலைக்கு மேலே தொங்குரயில் போனதும்
இன்னொருக்கால் கேட்டேன்.

ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி.
தேத்தண்ணி, சொதி,
குளிசை விழுங்குகிற மிடறு,
எல்லாம் அதுக்குள்ளே.
வூப்பர்டாலில் மழையோ
கடன் கொடுத்தவன் மாதிரி
வாசலை விட்டுப் போகாது.
கண்ணாடியில் வழிவதைப் பார்த்துக்கொண்டே வருவா.
நான் வைப்பரைத் தட்டினால்
"துடைக்கிறியே, பாவி!"

மெசினில் கட்டிக்கிடக்கிற நாலு மணித்தியாலமும்
அவ ஆட்சேப மனு எழுதினா.
பக்கத்துக் கட்டில் போலந்துக்காரரின் சக்கர நாற்காலிக்கு,
துருக்கிப் பெண்ணின் சப்பாத்துக்கு,
என் தம்பியின் விசாவுக்கு.
வினைச்சொல்லைக் கொண்டுபோய்
வசனத்தின் கடைசியில் ஆணியாய் அறைவா.
"தமிழும் அப்பிடித்தானே,
எங்களுக்கு என்ன கஷ்டம்?"
பத்துக்கு ஆறு வென்றது.
தம்பியின் விசா வெல்லவில்லை.
அதற்காக ஒரு கிழமை
என்னோடு கதைக்காமல் இருந்தா,
தோற்றது நான் மாதிரி.

இனிச் சொல்வது யாருக்கும் தெரியாது.
ஏழாம் வருடம், ஆடி மாதம், ஒரு புதன்.
கிளினிக் வாசலில் வேகம் குறைத்தேன்.
"நிப்பாட்டாதை. ஓடு."
ஓடினேன்.
சோலிங்கன் தாண்டி ஒரு பெற்றோல் நிலையம்.
ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் வாங்கி
கார்க் கதவில் சாய்ந்து நின்று குடித்தா.
கழுத்து வழியே சேலையெல்லாம் நனைய,
கண்ணை மூடிக்கொண்டு,
கடைசிச் சொட்டுக்குப் போத்தலைத் தட்டி.
நான் எண்ணெய் அளவு பார்ப்பதுபோல்
குனிந்துகொண்டு நின்றேன்.
தடுத்திருக்க வேண்டுமோ?
"இப்ப கொண்டுபோய் விடு" என்றா,
உதட்டைத் துடைத்தபடி.
தாமதத்துக்கு நான்தான் பொய் சொன்னேன்,
நெடுஞ்சாலையில் விபத்து என்று.

பங்குனியில் இறந்துபோனா.
மண்டபத்தில் நிறையச் சனம்.
நகுலாம்பிகை மார்க்கண்டு,
பொறுமையின் வடிவம் என்று
மைக்கில் ஒருவர் வாசித்தார்.
தாங்கும் நிலமாம். தணிந்த சுடராம்.
கடைசி வரிசையில் போலந்துக்காரர்
புது நாற்காலியில் இருந்தபடி
தமிழ் விளங்காமலே தலையாட்டினார்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
சிரித்தால் அழுதுவிடுவேன் என்று
சப்பாத்து நாடாவை இறுக்கினேன்.

வெளியே வர மகன் ஒரு கடிதம் நீட்டினார்.
"இது உங்கட கொம்பனிக்கோ?"
செத்து ஐந்தாம் நாள் வந்திருக்கிறது.
கடைசியாய் அவ தனக்கென்று எழுதிய மனுவுக்குப் பதில்:
ஆட்சேபம் ஏற்கப்பட்டது.
மார்கழி முப்பத்தொன்று வரை
வாகனச் செலவுக்கு அனுமதி.

வெயில் தட்டியில் செருகி வைத்திருக்கிறேன்.
கொம்பனிக்கு இன்னும் கொடுக்கவில்லை.

ஐந்து நாற்பதுக்கு இப்போது வேறொருவர்.
பின்னால் ஏறுவார்.
சுகமோ என்று நானும் கேட்கிறேன்,
அவரும் சொல்கிறார், முழங்காலில் தொடங்கி.
மழை.
கண்ணாடி நிறைய வழிந்து
றோட்டு மறைகிற மட்டும்
வைப்பரைப் போடாமல் இருக்கிறேன்.
"தெரியுதா உமக்கு?" என்கிறார் பின்னாலிருந்து.