மீதமிருந்த ஒன்பது நாட்கள்

மார்ச் முடிவதற்குள் எடுக்காவிட்டால்
காலாவதியாகிவிடும் என்றார்கள்,
தயிர்ப் பாக்கெட்டைச் சொல்வதுபோல்.
ஒன்பது நாட்கள்.
கையெழுத்துப் போட்டுவிட்டு
லியேபாயா துறைமுகத்தின் மூன்றாம் கிரேனிலிருந்து
இறங்கி வந்தேன்.
நூற்றுப் பதினெட்டுப் படிகள்.
எண்ணாமல் இறங்க இன்னும் பழகவில்லை.

முதல் நாள் நாலே முக்காலுக்கு
விழிப்புத் தட்டியது.
அலாரம் அணைத்துத்தான் இருந்தது.
யாருக்கும் தேவைப்படாத விழிப்பு.
சமையலறை ஜாடியில்
நேற்றுக் கரைத்த ரை மாவும் விழித்திருந்தது,
சின்னச் சின்னக் கொப்புளங்களோடு,
ஏதோ சொல்ல வந்து
வாயை மூடிக்கொண்டதுபோல்.

ரை மாவு பிசையப் பிசைய ஒட்டும்,
கடன் கொடுத்தவனைப்போல.
விரல், மணிக்கட்டு, குழாய்த் திருகு,
பூனையின் முதுகில்கூட ஒரு துணுக்கு.
அப்போதுதானா போன் அடிக்க வேண்டும்?
ராய்விஸ்.
'உன் கிரேனில் பிரேக் முனகுகிறது.'
'ஈரக் காற்றில் முனகும்.
இடது லீவரை முன்னும் பின்னும்
ஒருமுறை ஆட்டு. திட்டாதே.'
திட்டாதே என்று ஏன் சொன்னேனோ.
அவனும் சிரிக்கவில்லை. சரி என்றான்.
திரையில் காய்ந்த மாவை
சாயங்காலம் நகத்தால் சுரண்டினேன்.

மறுநாள் புயற்காற்று.
ஜன்னலில் பார்த்தால்
கிரேன்கள் மூன்றும்
கழுத்தைக் காற்றின் போக்குக்கு விட்டு
சும்மா நிற்கின்றன.
காற்று மிஞ்சினால் வேலை இல்லை, அது விதி.
எல்லாரும் கீழே சீட்டாடிக்கொண்டிருப்பார்கள்,
முழுச் சம்பளத்தில்.
நானோ சொந்த விடுப்பைச் செலவழித்து
சும்மா இருக்கிறேன்.
நாள் முழுக்க வயிற்றெரிச்சல்.
ஓவன் சூடேறாததற்கும்
காற்றைத்தான் திட்டினேன்.

முதல் ரொட்டி செங்கல்.
மிகையில்லை. மேசையில் வைத்தபோது
கீழ்வீட்டு தாலிஸ் மேலே வந்து
'ஏதாவது விழுந்ததா?' என்றான்.

இரண்டாவதற்குப் பொறுத்தேன்.
பொறுப்பது எனக்குப் புதிதல்ல.
முப்பது மீட்டர் உயரத்தில்
கப்பல் வயிறு திறக்கும்வரை
எத்தனை மணிநேரம் உட்கார்ந்திருக்கிறேன்.
ஆனால் அங்கே வயர்லெஸ் கரகரக்கும்,
யாரோ என்னைக் கணக்கில் வைத்திருப்பார்கள்.
இங்கே ஈரத்துணிக்கு அடியில் மாவு
என்னைக் கேட்காமலே உப்பியது.
நான் குளித்தேன்.
பழைய மின்கட்டண ரசீதுகளைக் கிழித்தேன்.
தூங்கினேன், பட்டப்பகலில், செருப்போடு.

சீமைச்சோம்பு தூவியானது.
ரொட்டி மேல் ஒரு குறி கீறுவது இங்கே வழக்கம்,
வீட்டுக்கு வீடு ஒன்று.
எனக்கென்று எதுவும் இல்லை.
விரல் நுனியால் 3 என்று போட்டேன்.

குன்டிஸ் ஓவன் கதவைத் திறந்து பிடித்தான்.
தட்டு என் கையில் கனத்தது.
அவன் இன்னொரு கையை நீட்டி
உள்ளங்கை கீழே பார்க்க
மெல்ல, மெல்லத் தாழ்த்தினான்.
பிறகு விரல்களை மடக்கினான்: நிறுத்து.
கீழிருந்து எனக்கு சைகை காட்டுபவர்களின் கை.
மீன்பிடி வலை விற்பவனுக்கு
இதை யார் சொல்லிக்கொடுத்தது?
கேட்டேன்.
'வேலிக்கு வெளியே உனக்காக நின்றபோது
வேறென்ன பார்ப்பது?' என்றான்,
கதவை மூடியபடி.

ஒரு பக்கம் கொஞ்சம் கரிந்துதான் வந்தது.
3 விரிந்து
8 மாதிரி ஆகிவிட்டது.
சூடாகவே வெட்டினோம், வெட்டக்கூடாதென்று தெரிந்தே.
கத்தியில் ஒட்டியதை அவன் வழித்துத் தின்றான்.

இன்னும் ஆறு நாட்கள்.
ஜன்னலைத் திறந்தேன்.
காற்று அடங்கியிருந்தது.
தூரத்தில் மூன்றாம் கிரேன்
ஒரு கட்டு மரத்தைத் தூக்கித் திரும்பியது.
யார் மேலே இருக்கிறார்களோ,
நன்றாகத்தான் ஓட்டுகிறார்கள்.
இறக்கும்போது மட்டும்
கொஞ்சம் அவசரம்.