குடும்பப் பெயர் என்ற கட்டம்

மயிலாடுதுறை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
தகரக் கொட்டகையில் மேசை போட்டு
இருபத்திரண்டு வருஷமாய்
பிறர் பெயர்களை எழுதிப் பிழைக்கிறேன்.

மாப்பிள்ளை பெயர் பியோர்ன் ரஸ்க். ஸ்வீடன்.
அர்த்தம் உண்டா தம்பி?
படிவம் கேட்கவில்லை, நான்தான் கேட்டேன்.
பியோர்ன் என்றால் கரடி என்றான்
வெயிலில் மூக்குரிந்த ஒற்றைநாடிப் பிள்ளை.
ரஸ்க், டீக்கடைக் கண்ணாடி ஜாடியில் இருப்பதில்லை.
அவன் பாட்டனுக்குப் பாட்டன் பட்டாளத்தில் சேர்ந்தபோது
ஒரே கம்பெனியில் ஏழு ஆந்தர்ஷன்.
ஆந்தர்ஷின் மகன் ஆந்தர்ஷ், அத்தனை பேரும்.
ஒருவனைக் கூப்பிட்டால் ஏழு தலை திரும்ப,
சலித்துப்போன கேப்டன்
ஆளுக்கொரு சொல்லை எறிந்தான்:
வாள். துணிவு. சமாதானம். இவனுக்குச் சுறுசுறுப்பு.
துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தார்கள்,
சொல்லை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

இரண்டாம் சாட்சி ஆங்கிலேயர், பிராட்ஃபோர்டு.
'அகலத் துறை' என்றார்,
'ஆழமில்லாத இடம், வண்டி இறங்கிக் கடக்கலாம்.'
அப்படியானால் நீங்கள் நம்மூர் ஐயா,
இது மயில் ஆடிய துறை,
மேற்கே போனால் ஆவடுதுறை.
அவர் காவிரியை எட்டிப் பார்த்தார்.
சித்திரை மாதம்.
மணலில் பையன்கள் ஸ்டம்ப் நட்டிருந்தார்கள்.
எங்கே வேண்டுமானாலும் கடக்கலாம்.

பெண்: கு. போதுமணி.
கு என்பது குஞ்சிதபாதம்.
அவன் நாட்டில் முன்பு இதையே வால்பக்கம் ஒட்டினார்களாம்,
இன்னார் மகள் என்று.
குஞ்சிதபாதம்ஸ்தோத்தர்,
சொல்லிப் பார்த்த கரடிக்குப் பல்லில் சிக்கியது.
அவளுக்கே சிரிப்பு.

'உன் பெயருக்கு?' என்றார் அகலத் துறை.
பியோர்ன் தரையைப் பார்த்தான்.
'நாலாவது பெண். போதும் என்று
சாமிக்குச் சொல்லி வைத்தது.
சாமிக்குக் கேட்கவில்லை.'
முதல் சாட்சியைக் கைகாட்டினாள்: தங்கை, கயல்விழி.
அதற்குள் அப்பாவுக்குப் பெயர்கள்மேல் நம்பிக்கை போய்விட்டது,
அழகாய் ஒன்று வைத்துவிட்டார்.

மாற்றிக்கொள்ளலாம்மா, என்றேன்.
கெஜட்டில் போட நானே எழுதித் தருகிறேன்.
குடும்பப் பெயர்க் கட்டமும் காலியாகத்தான் இருக்கிறது.
பேனாவை வாங்கி
அந்தக் கட்டத்துக்குள் நீளமாய் ஒரு கோடு இழுத்தாள்.
கொஞ்சம் வெளியேயும் போயிற்று.

எல்லாம் முடிந்து
கரடி பணம் எண்ணி வைக்கிறான்,
இருநூறு, நானூறு, ஐநூறு,
இன்னும் கை நீள்கிறது.
'போதும்' என்றேன்.

வாசலைத் தாண்டிப் போயிருந்தவள்
திரும்பிப் பார்த்தாள்.