முப்பத்திரண்டு பவுண்டு

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன்:
முப்பத்திரண்டு பவுண்டு, தபால் செலவு தனி.
நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
அதில் பாதி, எங்கள் அலமாரியில்
ஏற்கெனவே தூசு தின்னும் சீருடைப் படங்கள்.
நாற்பத்தோராம் பக்க வரைபடத்தில்
ஆறு, ஊருக்குத் தப்பான பக்கம் ஓடுகிறது.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
எந்த ஆற்றில் என்று
பதிப்பித்தவருக்கே தெரியவில்லை.

கிரிம்ஸ்பியில், மெதடிஸ்ட் தேவாலயக் கூடத்தில்,
வியாழன் இரவுகளில் நாங்கள் ஐந்து பேர்.
ஒரு பக்கம் மட்டும் சுடும் ஹீட்டர்.
ஆறடிக்கு நாலடி மேசை, பச்சைக் கம்பளி,
கட்டைவிரல் கணு உயரத்தில் சேனைகள்.
முப்பதாண்டுப் போரைப்
பத்தரைக்குள் முடித்தாக வேண்டும்,
பத்தே முக்காலுக்குச் சாவிக்காரர் வந்துவிடுவார்.

லெஸ் ஹாப்பர் மீன் ஏலத்தில் எடை பார்ப்பவர்.
புத்தகத்தையும் கையில் தூக்கிப் பார்த்தார்.
"பகடை இருக்கு, மேசை இருக்கு.
சாலையில் எவ்வளவு சேறு என்று
அச்சடித்துக் கொடுத்ததற்கா இவ்வளவு?"
அவர் சொன்னது சரி.
இன்றைக்கும் சரிதான்.

ஆனால் அதுவரை எங்கள் போர் எப்படி இருந்தது?
கடைசிச் சுற்றில் எல்லோரையும் தள்ளிவிடுவோம்,
குதிரை, பீரங்கி, சமையற்காரன் வரை.
நாளை என்று ஒன்று இல்லாத படை.
செத்தவர்களைப் பஞ்சு வைத்த பெட்டியில் படுக்கவைத்தால்
அடுத்த வியாழன் எழுந்து நிற்பார்கள்,
ஒரு கீறலும் இல்லாமல்.

எழுபத்தேழாம் பக்கத்தில் ஒரு அட்டவணை.
சண்டை முடிந்தபின் யார் திரும்பி வருகிறார்:
காயம், காய்ச்சல், இரவில் நழுவிப் போனவன்,
ரொட்டி வண்டி வராத வாரம்.
ரோனா தாக்ரேயின் மஞ்சள் கோட்டு ஈட்டிப்படை
அக்டோபரில் இருபத்து நாலு பேர்.
பிறகு பத்தொன்பது.
மழைக்குப் பின் பதினாலு.
வரிசைகளை அவள் நெருக்கி அடுக்கவில்லை.
தட்டில் பத்து வெற்றிடங்களை
அப்படியே வைத்தாள்.

நாலாவது சண்டையில்
குன்று அவளுக்குத் திறந்து கிடந்தது.
ஒரே பாய்ச்சல்.
லெஸ் பகடையை உள்ளங்கையில் குலுக்கத் தொடங்கியிருந்தார்.
ரோனா தட்டைப் பார்த்தாள்,
கடிகாரத்தைப் பார்த்தாள், மறுபடி தட்டை.
"பின்வாங்குகிறேன்."

பதினோரு வருஷத்தில்
அந்தக் கூடத்தில் யாரும் சொல்லாத சொல்.
லெஸ் கை மூடியபடியே நின்றார்,
எறிவதற்கு எதுவும் இல்லாமல்.

முழுப் படையெடுப்பையும் நாங்கள் ஆடி முடிக்கவில்லை.
பிப்ரவரியில் கெனெல்ம் வேலை மாறி லிங்கனுக்குப் போனான்.
பனிக்கால விதிகளில் தேநீர் கொட்டி
மூன்று பக்கங்கள் ஒட்டிக்கொண்டன.
அடுத்த பாகம் வந்திருக்கிறதாம், நாற்பது பவுண்டு.
எனக்கு வேண்டாம் என்றேன்.

போன வாரம் லெஸ் ஓரமாக வந்து கேட்டார்,
அந்த எழுபத்தேழாம் பக்கத்தை மட்டும்
இரண்டு நாள் தர முடியுமா என்று.
நூலகத்தில் நகலுக்குப் பத்து பென்ஸ்.
அளந்துதான் போட்டார்.

மஞ்சள் கோட்டுகள் பெட்டிக்குள் இருக்கிறார்கள்.
இருபத்து நாலு பேரும் இருக்கிறார்கள்தான்.
ரோனா பதினாலு பேரைத்தான் வெளியே எடுக்கிறாள்.