கண்ணாடிப் போத்தலின் எடை

சித்திரை கழிந்து சீசன் தொடங்க
அறுகம்குடா விடுதியில் சட்டம் மாறியது.
இனிப் பிளாஸ்டிக் தண்ணிப் போத்தல் இல்லை என்று
பஸ்மீர் முதலாளி வாசல் மேசையில்
ஆமை கீறிய பலகை ஒன்றை வைத்தார்.
ஆமைக்கு மூன்று கால்தான் கீறியிருந்தது.
ஒருத்தரும் சொல்லவில்லை.

பதினெட்டு அறை. அறைக்கு இரண்டு.
முப்பத்தாறு கண்ணாடிப் போத்தல்
காலையில் நிரப்பி மாடிக்குக் காவி
பின்னேரம் இறக்கவேண்டும்.
வெறும் போத்தலும் பாரம் என்பது
எனக்கு வைகாசியில்தான் தெரியும்.

முந்தியென்றால் நெரித்து நெரித்து
ஒரு கறுப்புப் பைக்குள் அடக்கிவிடலாம்,
காற்றைக் காவுவது போல.
இஸ்ஸதீனின் ட்ரக்டர் வரும்,
பாணமை ரோட்டால் போகும்,
காட்டோரம் கொட்டும்.
அங்கே ஆனை நின்று
எங்கள் விருந்தாளிகளின் மிச்சத்தைத்
தும்பிக்கையால் பிரித்துப் பார்க்கும்,
நான் கட்டில் விரிப்பை உதறி
எதையும் மறந்துவிட்டுப் போனார்களா என்று
தேடுவது போலவே.

சமையற்கட்டில் நிர்மலன்
இளநிக்குப் பப்பாசித் தண்டு வெட்டுகிறான்.
பால் போகக் கழுவாமல்
இரண்டு தரம் ஏச்சு வாங்கிவிட்டான்.

என் கள்ளத்தையும் சொல்லிவிடுகிறேன்.
அரைவாசி தீர்ந்த குட்டி ஷாம்புப் போத்தல்கள்
என் பையோடு கோமாரிக்கு பஸ் ஏறும்.
கேதுஷாவின் தலை ஒவ்வொரு கிழமையும்
வேறொரு நாட்டுப் பூ மணக்கும்.
இப்போது குளியலறைச் சுவரில்
ஆணி அடித்து இறுக்கிய சாடி.
சுவரை யார் வீட்டுக்குக் கொண்டுபோவது?

ஏழாம் அறைக்காரன், அலையில் இருந்து வந்தவன்,
மூடி உடையும் சத்தம் கேட்டால்தான்
தண்ணி இறங்கும் என்றான்.
கடையில் மூன்று வாங்கி
அலைப்பலகைக்குப் பக்கத்தில் அடுக்கினான்.
நான் ஒன்றும் கதைக்கவில்லை.
மறுகா, அவன் பார்க்கவே
கண்ணாடிப் போத்தலைச் சரித்து
ஒரு கிளாஸ் மடமடவென்று குடித்தேன்.
விருந்தாளியின் கிளாஸில் குடிப்பதும்
இங்கே சட்டப்படி குற்றம்தான்.
அவன் சிரித்தான். தனக்கும் கேட்டான்.
போன அன்று பார்த்தேன்:
இரண்டு வெறுமை, ஒன்று முழுசு.

ஆவணியில் ஒரு நாள்
இஸ்ஸதீன் படலையில் நின்றபடி
"என்னகா, இவ்வளவுதானா?" என்றான்.
ஒரேயொரு பை. அதுவும் பாதி.

வலத் தோளைத் தடவிக்கொண்டே
மிச்சமெல்லாம் இதுக்குள்ள கிடக்கு
என்றேன்.