அடியில் நிற்பது

சிலோயேத் தீவில் மழை நிற்பதில்லை.
அதனால் நிற்பதெல்லாம் மற்றவைதான்:
நோதுகோ ஏற்றத்தில் என் லாரி.

முதலில் ஒரு இருமல்.
ஈர விறகு மூட்டியதுபோல் வெள்ளைப் புகை.
மூன்றாம் கியரில் மூச்சிரைத்து
இரண்டுக்கு இறங்கி
ஒன்றில் அடங்கிவிட்டது.
பின்னால் நான்கு டன் மட்டி,
பனிக்கட்டிக்குள் வாயை இறுக மூடிக்கொண்டு.

மஞ்சள் விளக்கு நேற்றே எரிந்தது.
அதன்மேல் புனித பேதுருவை ஒட்டிவைத்திருந்தேன்.
விளக்குக்குத் தெரியும், எனக்கும் தெரியும்,
வங்கித் தவணைக்குத்தான் எதுவும் தெரியாது.

சேற்றில் முழங்கால் ஊன்றி
வடிகட்டியின் அடித் திருகைக் கால் சுற்று தளர்த்தினேன்.
காலி ஜாம் புட்டியில் பிடித்து
வெளிச்சத்துக்குத் தூக்கினால்
மேலே தேன் நிறத்தில் டீசல்,
அடியில் தண்ணீர்,
இரண்டுக்கும் நடுவே கறுப்பாய் ஒரு கோழை.
சேராத இருவருக்கு இடையில்
தின்று கொழுத்த தரகன்.

புட்டியை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு
கடற்பாசி ஏற்றிய வேனில் தொற்றி
சோன்சி பங்குக்குப் போனேன்.
வழி நெடுக வசவுகளை அடுக்கி வைத்திருந்தேன்,
பவுதிலியோவின் அப்பாவையும் விடவில்லை.

அவன் பதில் சொல்லவில்லை.
கழுவிய புட்டி ஒன்றில்
குழாயிலிருந்து பிடித்து
என் புட்டிக்குப் பக்கத்தில் வைத்தான்.
ஒரே நிறம். கோடே இல்லை.

“கடல் சிவந்து மட்டி விற்பனை தடைப்பட்டதே,
அந்த இரண்டு மாதமும் லாரி எங்கே நின்றது?”
“வீட்டுக்குப் பின்னால்.”
“டாங்கில் எவ்வளவு?”
“கால்.”
அதற்குமேல் அவன் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம். திட்டவாவது வழி கிடைத்திருக்கும்.

காலி முக்கால் டாங்க் மூச்சு விடும்.
பகல் சூட்டில் வெளியே, இரவுக் குளிரில் உள்ளே.
எங்கள் ஊரில் காற்று என்பது பாதி தண்ணீர்.
தகரச் சுவரின் உட்புறம் வியர்த்து
சொட்டுச் சொட்டாய் டீசலைத் துளைத்து இறங்கி
உறிஞ்சு குழாயின் வாயருகே
பொறுமையாய் உட்கார்ந்திருக்கிறது.
காசில்லாமல் நான் நிரப்பாத இடத்தை
காற்று நிரப்பிக் கொடுத்திருக்கிறது,
கேட்காமலே, வட்டியோடு.

நோட்டில் எழுதினான்:
நெலிடா கார்காமோ, வடிகட்டி ஒன்று, கடன்.
நான் மன்னிப்புக் கேட்கவில்லை.
மறுவாரம் ஒரு கூடை மட்டி கொடுக்கலாம்.

டாங்கின் அடி ஆணியைக் கழற்றியதும்
முக்கால் வாளி வந்தது.
முதலில் மழை, பிறகு சளி, கடைசியில்தான் டீசல்.
புது வடிகட்டியை விளிம்புவரை நிரப்பி மாட்டி
கைப் பம்பை அழுத்தினேன்.
நூறுவரை எண்ணினேன்,
பிறகு எண்ணம் வேறெங்கோ போய்விட்டது.
காற்றுத் திருகின் ஓரத்தில் நுரை,
நுரைக்குள் குமிழி,
குமிழிகள் ஓய்ந்து
அறுபடாத ஒரு இழை.
இறுக்கினேன்.

சாவியைத் திருப்பியபோது
ஐந்து சிலிண்டர்கள் வேலைக்கு வந்தன.
ஆறாவது யோசித்தது.
டக், டக் என்று அதன் யோசனை
இன்னும் காலடியில் கேட்கிறது.
உள்ளே போன தண்ணீர் கொதித்து
இன்ஜெக்டரின் முனையைக் கடித்திருக்கும்.
அதன் விலையை இன்றைக்கு விசாரிக்கப் போவதில்லை.

இனி இரவில் நிறுத்தினால் முழு டாங்க்தான்
என்று சொல்லிக்கொள்கிறேன்.
சொல்வதற்கு டீசல் செலவாவதில்லை.

சக்காவோ துறையில் பதினொன்றாவது லாரி நான்.
பனிக்கட்டி உருகி ரோட்டில் கோடு போடுகிறது,
மறுகரையில் வியாபாரி
அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் விலை சொல்வான்.
படகின் சரிவில் லாரி மூக்கைத் தூக்குகிறது,
பேதுரு சாய்கிறார், நான் சாய்கிறேன்,
இருக்கைக்கு இடையில் செருகிய புட்டியும் சாய்கிறது.
அதற்குள் தண்ணீரின் கோடு மட்டும்
கடல் கிடக்கிற மட்டத்தில் கிடக்கிறது.